குமரகுருபரர் ஐந்து வயதில் பேசினார்

தாமிரபரணிக் கரை ஊர்களில், பேச்சு வராத குழந்தை இருக்கும் வீட்டுக்கு யார் போனாலும் பத்து நிமிடத்துக்குள் குமரகுருபரர் வந்துவிடுவார். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் பிறந்த பிள்ளை. ஐந்து வயதுவரை வாய் திறக்கவில்லை. பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்று முருகன் சந்நிதியில் ஒரு மண்டலம் விரதமிருந்தார்கள். ஒருநாள் பிள்ளை பேசியது, பேசியதும் கந்தர் கலிவெண்பா. அதே வாய் பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடியது, அரங்கேற்றத்தின்போது மீனாட்சியே சிறுமியாக வந்து முத்துமாலை அணிவித்தாள் என்று கதை முடியும். படித்தவர்கள் வீடு என்றால் குமரகுருபரருக்குப் பதில் ஐன்ஸ்டைன். இருவரில் யார் வந்தாலும் சொல்லப்படுவது ஒன்றுதான்: பொறு, தானாக வரும்.

கைக்குழந்தை வளர்ப்பில் 'தானாகச் சரியாகும்' என்பது வெறும் சோம்பேறித்தனத்தின் குரல் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அனுபவம். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் மஞ்சளாகிறார்கள், இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடுகிறார்கள். முதல் வாரத்தில் எடை குறைகிறது, பிறகு ஏறுகிறது. காரணமே தெரியாமல் மாலை வேளைகளில் வீறிட்டு அழும் குழந்தை ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் யாரும் எதுவும் செய்யாமலே அடங்குகிறது. அந்த வாரத்தில் கொடுத்த கிரைப் வாட்டரோ மந்திரித்த கயிறோ அதற்கான பெயரைத் தட்டிச் செல்கிறது. உச்சிக்குழி துடிப்பதும், முதுகில் நீலம் பாரித்த திட்டு இருப்பதும், கால் வில்லாக வளைந்திருப்பதும், பல் பத்தாம் மாதம்வரை வராமலிருப்பதும், குடித்த பாலைத் தோளில் கக்குவதும் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். மஞ்சள் உள்ளங்கையிலும் பாதத்திலும் இறங்கினால், பேதியாகும் குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் பாட்டிகள் அறிவார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற எதையும் அநேகமாகத் தவறவிடுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாததுதான் இங்கே என் விஷயம்.

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் வரிசைப்படுத்தி, அதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனுக்குப் பாடியதிலிருந்து எத்தனையோ பிள்ளைத்தமிழ்கள் வந்துவிட்டன; பருவங்கள் பெரும்பாலும் அதே பத்து. ஒற்றைப்படை மாதங்களாக எண்ணும் ஒரு கணக்கின்படி மூன்றில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஐந்தாம் மாதத்தில் இது கொஞ்சம் அதிகம்தான், கவிஞர்களின் குழந்தைகள் எப்போதுமே சற்று முந்திக்கொள்பவர்கள். மற்றபடி கணக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட அளவின்படி, பிடிமானமில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எங்கே நிகழ்ந்தாலும் இயல்பு. வருகைப் பருவம் அதன் நடுவே சரியாக உட்காருகிறது. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. தவழாத பேரனைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இதை அடிக்கடி சொல்லியிருக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயரும் உடன் பணியாற்றியவர்களும் இரண்டு வயதுவரையிலான குழந்தைகளுக்காக ஓர் அட்டவணை உருவாக்கினார்கள், 1991இல் வெளியானது. ஒரே பக்கம், பதினேழு வரிகள். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டியது. பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துவிட்ட எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லையென்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியது. எழுதப் படிக்கத் தெரிந்த எந்த ஊழியரும் சில நிமிடங்களில் செய்துவிடலாம். அதைப் பிள்ளைத்தமிழுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கை தட்டுவது அட்டவணையிலும் இருக்கிறது, அதுதான் சப்பாணி. தனியே நடப்பது இருக்கிறது, அது வருகை. ஆனால் அட்டவணையில் உள்ள இரண்டு வரிகளுக்குப் பிள்ளைத்தமிழில் இணை கிடையாது. ஒன்று, மணி அல்லது கிலுகிலுப்பை ஒலிக்கும் பக்கம் தலையைத் திருப்புவது. மற்றது, இரண்டு சொற்கள் சொல்வது.

யோசித்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது. தால் என்றால் நாக்கு; ஆனால் தாலப் பருவத்தில் அசைவது தாயின் நாக்கு. முத்தப் பருவத்தில் குழந்தையின் வாய் எத்தனையோ முத்துகளோடு ஒப்பிடப்படுகிறது, அது முத்தம் தருவதற்கான வாய். நூறு பாட்டிலும் பேசுபவர்கள் செவிலியர், தாயர், சிற்றில் கட்டும் சிறுமியர். குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்கிறது என்பதில் கவிஞருக்குச் சந்தேகமே இல்லை. 'வருக' என்றால் வரும், 'கொட்டுக' என்றால் கொட்டும். ஐந்து வயதுவரை பேசாமலிருந்ததாகச் சொல்லப்படும் ஒருவர்தான் இந்த வகையின் உச்சத்தைப் பாடினார் என்பதைச் சும்மா குறித்து வைக்கிறேன், அதிலிருந்து எதையும் நிறுவுவதற்கில்லை.

என் தங்கை மகனுக்கு ஒன்றரை வயது கடந்தபோது குமரகுருபரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொண்டுவந்தவள் தங்கையின் மாமியாருக்கும் மாமியாரான பெரிய பாட்டி. "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்ட்டி. இவன் தாத்தனும் மூணு வயசு வரைக்கும் ஊமையாத்தான கெடந்தான், அதுக்கப்புறம் வாய மூடுனானா?" இதைச் சொல்லிவிட்டுத்தான் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போவாள். நகரத்தில் பார்த்த குழந்தை மருத்துவர் ஒருவரும், பாட்டியின் தமிழ் இல்லாமல், அதையேதான் சொன்னார். பொய்யில்லை, இரண்டு வயதில் பேச்சு பிந்தியிருக்கும் குழந்தைகளில் கணிசமானோர் பிற்பாடு தாமாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். ஆறுதல் ஆபத்தாவது அது பெரும்பாலும் உண்மையாக இருப்பதால்தான். முழுப் பொய்யாக இருந்தால் இத்தனை காலம் யார் நம்பியிருப்பார்கள்?

பையன் மிகச் சூட்டிகை. மூன்றாம் மாதத்தில் 'ங்கு' சொன்னான், சிரித்தான், குப்புற விழுந்தான், பதினோராம் மாதத்தில் நடந்தான். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே ஒலியெழுப்பும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த ஒலிக்குக் காது தேவையில்லை. அதற்கடுத்த படிதான், 'பாபாபா', 'தாதாதா' என்று எழுத்துகளைக் கோத்து உருட்டும் மழலைதான், தன் குரலையும் பிறர் குரலையும் கேட்டு உருவாவது. அது இவனிடம் வரவில்லை. வராத ஒன்றை வீட்டில் யார் கவனிக்கிறார்கள்? வந்தவற்றைக் கொண்டாடவே நேரம் போதவில்லை. மாவு ஆட்டும்போது கிரைண்டர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். என்ன ஆராய்ச்சி பார் என்பார்கள். தீபாவளியன்று வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தபோது உள்ளே அயர்ந்து தூங்கினான். எவ்வளவு தைரியசாலி என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லப்பட்டது.

வீட்டில் சோதனையும் நடந்தது. பின்னால் நின்று தட்டில் கரண்டியால் தட்டினார்கள், திரும்பினான். இதைப் போல ஏமாற்றும் சோதனை வேறில்லை. தட்டு வீசும் காற்று, தரையதிர்வு, சுவரில் விழும் நிழல், எதிரே அமர்ந்திருக்கும் அம்மாவின் கண் ஓடும் திசை, இவற்றில் ஒன்று போதும். கேளாத குழந்தைகள் முகத்தைப் படிப்பதில் நம்மையெல்லாம் மிஞ்சியவர்கள்.

கண்டுபிடித்தவர் அங்கன்வாடி ஆசிரியை. இரண்டு வயது முடிந்து அனுப்பத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் தங்கையைத் தனியே அழைத்துச் சொன்னார்: "சாப்பிடக் கூப்பிட்டா இவன் மத்த பிள்ளைகளைப் பாத்துட்டுத்தான் எந்திரிக்கான். எல்லாப் பிள்ளையும் எனக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தாலும் நான் கூப்பிட்டதும் எந்திரிக்கும். இவன் ஒருத்தன் மட்டும் ஒரு நொடி பிந்தி எந்திரிக்கான். ஒருக்கா காதக் காட்டிருங்க." முப்பது குழந்தைகளுக்கு நடுவே அந்த ஒரு நொடியைப் பார்த்த கண்ணை நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருவதாக ஏற்பாடு. அந்தக் குழுவுக்குக் காத்திராமல், மாவட்டத் தலைநகரில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்ப்பதற்கென்று உள்ள மையத்தின் வழியையும் அந்த அம்மையாரே எழுதிக் கொடுத்தார்.

பெரா பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னும் ஒயர்களை ஒட்டி, காதில் சிறு ஒலிகளைச் செலுத்துகிறார்கள். காதிலிருந்து மூளைத்தண்டுவரை அந்த ஒலி பயணம் செய்வது திரையில் அலைகளாக எழும். நான் தங்கையின் கணவரோடு நின்றுகொண்டிருந்தேன். ஒலியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 90 டெசிபலிலும் கோடு கோடாகவே கிடந்தது. இரண்டு காதுகளிலும். தங்கை திரையைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயிரம் பிறப்புக்கு ஒன்றிரண்டு குழந்தைகள் நிரந்தரமான கேள்விக் குறையோடு பிறக்கிறார்கள். தாய்க்குக் கர்ப்பத்தில் வந்த ருபெல்லா, பிறந்ததும் மிகையாக ஏறி மூளையை எட்டிவிட்ட மஞ்சள், மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. ருபெல்லாவுக்குத் தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் இயக்கமாகத் தடுப்பூசி போடப்பட்டது. இன்னொரு பெரிய காரணத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசுவது கடினம். தங்கையை மணந்தவர் எங்கள் அத்தை மகன். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும், இரு வீட்டிலும் முந்தைய தலைமுறையில் காது கேளாதவர் இல்லை. மறைந்துகிடக்கும் ஒரே மரபணுப் பிழையை இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே கிளையில் வந்தவர்கள் அதே பிழையைச் சுமப்பதற்கான சாத்தியம் அதிகம். மருத்துவர் இதை ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு விளக்கினார். விளக்கத்தை வீடு ஏற்கவில்லை. மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்ததுதான் காரணம் என்று தீர்ப்பாயிற்று. நான்கு கட்டத்தில் பாதிப் பொறுப்பு ஆண் பக்கம். கிரகணத்தில் முழுவதும் பெண் பக்கம். வீடுகள் எந்த விளக்கத்தை ஏன் தேர்ந்தெடுக்கின்றன என்பதில் புதிர் ஒன்றுமில்லை.

இந்தச் சோதனையை இரண்டு வயதில் செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் கசப்பான செய்தி. ஆரோக்கியமான காது ஒலியைக் கேட்கும்போது தானும் ஒரு மெல்லிய எதிரொலியை வெளியிடுகிறது என்று 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டறிந்தார். அந்த எதிரொலியைப் பிடிக்கும் கருவி, பிறந்த இரண்டாம் நாளிலேயே, தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது இத்துறையில் நிலைபெற்ற விதி. அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகள் பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் எவ்வளவோ முன்னே இருப்பதைக் காட்டியது. பையன் பிறந்த மருத்துவமனையில் அந்தக் கருவி இல்லை, அல்லது இருந்தும் பயன்படுத்தப்படவில்லை.

அவசரம் பேச்சுக்காக அல்ல, மொழிக்காக. எங்கள் பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பிள்ளைகள் கைகளால் அரட்டையடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒருவர் சொன்ன கதைக்கு நால்வர் சிரிப்பார்கள். அதைப் பார்த்தபின் சைகையை அரைமொழி என்று யாரும் சொல்ல முடியாது. குரலோ கையோ, ஏதாவது ஒரு வழியில் மொழி முதல் சில ஆண்டுகளுக்குள் குழந்தைக்குள் சென்றாக வேண்டும். கேட்கும் மூளைப்பகுதிக்கு ஒலி வராமலே போனால் அந்த இடத்தைப் பார்வை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது, பிறகு ஒலி வந்தாலும் இடம் கிடைப்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு ஆறு வயது என்று எல்லை வைத்திருப்பது இதனால்தான். பல லட்சம் ஆகும் சிகிச்சை தங்கை மகனுக்கு அத்திட்டத்தில்தான் நடந்தது. அதற்கு முன் மூன்று மாதம் சாதாரணக் கருவியை மாட்டிப் பார்த்தார்கள், ஸ்கேன்கள் எடுத்தார்கள், மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டார்கள். அறுவை சிகிச்சையின்போது அவனுக்கு இரண்டு வயதும் ஒன்பது மாதமும்.

மூன்று வாரம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். காணொளிகளில் வருவதுபோல அவன் அம்மாவைப் பார்த்துப் புன்னகைக்கவில்லை. பயந்து அலறினான், கருவியைப் பிடுங்கி எறிந்தான். அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு வயதுகள். பயிற்சி நிலையத்துப் பதிவேட்டில் 'கேள்வி வயது' என்று தனியே ஒரு பத்தி உண்டு. கருவி இயங்கிய நாள் அதன் பிறந்தநாள். ஓடியாடும் மூன்று வயதுப் பையனின் காது தொட்டில் குழந்தை. செங்கீரையும் சப்பாணியும் முடித்து, தேர் உருட்டும் வயதில் அவன் தாலப் பருவத்துக்குத் திரும்பினான். தங்கை மறுபடி 'ஆராரோ' பாடினாள், இம்முறை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. உதட்டைப் படிக்க விடக்கூடாது என்பது பயிற்சியின் விதி. ஒவ்வொரு காலையும் அவன் முதுகுக்குப் பின் நின்று ஆறு ஒலிகள்: ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ். கேட்டால் ஒரு கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். டேனியல் லிங் என்பவர் வகுத்த முறை அது. தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சின் பரப்பை அந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. 'ம்' இரண்டாம் வாரத்தில் வந்தது. 'ஸ்' வருவதற்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தோம்.

திருச்செந்தூர்க் கதையை நான் இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். அதைச் சொல்கிறவர்கள் ஐந்து வயதுவரை காத்திருந்ததை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கவிராயரும் அம்மையாரும் காத்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கே போனால் தீர்வு கிடைக்கும் என்று நம்பினார்களோ அங்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், வீடு வாசலை விட்டு, நாட்கணக்கில் கிடந்திருக்கிறார்கள். கதையிலுள்ள பிள்ளை கேட்கிற பிள்ளை என்பதும் தெளிவு. கவிராயர் வீட்டில் ஐந்து ஆண்டுகள் யாப்பும் பாட்டும் கேட்டுக் கிடந்த செவி அது. அதே சந்நிதியில் விரதமிருந்து, பேச்சு வராமலே திரும்பிய பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயரில் தலபுராணம் இல்லை.

பையன் இப்போது ஆறாம் வகுப்பு, சாதாரணப் பள்ளியில். பேசுகிறான், அந்நியர்களுக்கு முதல் சில வாக்கியங்கள் புரியாது, 'ர'வும் 'ற'வும் ஒன்றாகத்தான் ஒலிக்கும், அது கேட்கும் காதுள்ள பலருக்கும் அப்படித்தான். இரைச்சலான வகுப்பறையில் பாதி அவனுக்குப் போய்விடுகிறது. காப்பீடு முடிந்தபின் கருவியின் ஒயரும் பேட்டரியும் வீட்டுச் செலவில் ஒரு நிரந்தர வரி. தலையில் மாட்டியிருப்பது என்ன என்று கேட்கும் பிள்ளைகளிடம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை சொல்லி வைத்திருக்கிறான் என்று அவன் ஆசிரியை புகார் செய்தார். தங்கை அதைப் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஐந்து வயதானபோது தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேறொரு மருத்துவமனை. மூன்றாம் நாள் காலை ஒரு பெண் சிறு பெட்டியோடு வந்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காதில் முனையை வைத்தார். இரண்டு காதும் சரி என்று பெட்டி சொல்லிற்று. பெரிய பாட்டி கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது காது கேட்காமல் போய்ப் பதினைந்து வருடம் இருக்கும். "அந்தப் பொண்ணு போறதுக்குள்ள எனக்கும் ஒருக்கா அத வச்சுப் பாக்கச் சொல்லு" என்றாள்.